விபரக்கொத்தில் பெயர் இருந்தால் போதுமா? பொட்காஸ்ட் பற்றி வியாபாரிகளுக்குச் சில வார்த்தைகள்

'பொட்காஸ்ட்' என்ற சொல் இப்போது எமது கடைத்தெருக்களிலும் அடிபடத் தொடங்கிவிட்டது. காதில் எதையோ மாட்டிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கும் மகனிடம் "என்ன கேட்கிறாய்?" என்றால் "பொட்காஸ்ட் வாப்பா" என்கிறான். அது பாட்டா, பேச்சா, யூடியூப்பா என்பது பல முதலாளிமாருக்குத் தெரியாது. பிள்ளையிடம் விளக்கம் கேட்கவும் கூச்சம். இதற்கிடையில், "உங்கள் வியாபாரத்துக்கு ஒரு பொட்காஸ்ட் தொடங்கித் தருகிறோம், அதை நாற்பது ஐம்பது விபரக்கொத்துகளில் பதிந்து தருகிறோம், மாதம் இவ்வளவு" என்று சொல்லிக்கொண்டு கடையேறி வருபவர்களும் உண்டு. அவர்களுக்குக் காசோலை எழுதுவதற்கு முன்னர் இந்தச் சரக்கு என்ன, யார் கையில் இருக்கிறது, அதன் உண்மையான விலை என்ன என்பவற்றை எமது வியாபாரிகள் அறிந்துகொள்வது நல்லது.

பொட்காஸ்ட் என்பது வானொலி நிகழ்ச்சி போன்றதொரு ஒலிப்பதிவுத் தொடர். ஆனால் அதற்கு வானொலி நிலையமும் இல்லை, நேர அட்டவணையும் இல்லை. நடத்துபவர் ஒவ்வோர் அங்கத்தையும் ஓர் ஒலிக் கோப்பாக இணையத்தில் வைத்துவிடுகிறார். நீங்கள் ஒரு தடவை அதற்குச் சந்தாதாரராகிவிட்டால் (சந்தா என்றதும் பணம் என்று எண்ண வேண்டாம், அநேகமானவை இலவசம்) புதிய அங்கம் வந்ததும் உங்கள் தொலைபேசியே அதைத் தேடி எடுத்துவைக்கும். கொழும்பிலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில் கேட்கலாம். பாதியில் வாடிக்கையாளர் வந்தால் நிறுத்திவிட்டு, அவர் போன பின்னர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வானொலியில் குறித்த நேரத்தைத் தவறவிட்டால் போனது போனதுதான்.

அப்படியானால் வட்ஸ்அப்பில் நாளாந்தம் வந்து குவியும் குரல் பதிவுகளும் இதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். அவை இதுவல்ல. 2022 இல் டொலர் தட்டுப்பாடு உச்சத்திலிருந்த காலத்தில் எத்தனை குரல் பதிவுகள் கைமாறின என்பதை எமது வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். பேசியவர் யார், எந்தத் திகதியில் பேசினார், அது எந்த ஊரில் நடந்தது என்று எதுவும் தெரியாது. அதைக் கேட்டுச் சரக்கைப் பதுக்கியவர்களும் உண்டு, அவசரப்பட்டு விற்றவர்களும் உண்டு. பொட்காஸ்டுக்கு ஒரு பெயர், ஒரு திகதி, ஒரு நிரந்தர முகவரி இருக்கிறது. பேசியவர் பிறகு மறுக்க முடியாது, நாமும் மீண்டும் போய்ச் சரிபார்க்கலாம். வியாபாரிக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இந்த முகவரி விடயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். அமெரிக்காவில் டேவ் வைனர் என்ற மென்பொருள் எழுத்தாளர் 2001 இன் தொடக்கத்தில் 'ஆர்.எஸ்.எஸ்.' என்ற முறையில் ஓர் ஒலிக் கோப்பையும் இணைத்து அனுப்பும் வசதியைச் சேர்த்தார். ஆர்.எஸ்.எஸ். ஃபீட் என்பது உண்மையில் ஒரு சிறிய எழுத்துக் கோப்புத்தான். மொத்த வியாபாரி கடை வாசலில் தொங்கவிடும் சரக்குப் பட்டியலைப் போன்றது. எந்தெந்த அங்கங்கள் உள்ளன, அவற்றின் தலைப்பு என்ன, திகதி என்ன, ஒலிக் கோப்பு எந்த முகவரியில் கிடக்கிறது என்பன அதில் இருக்கும். கேட்பவரின் தொலைபேசி அவ்வப்போது அந்தப் பட்டியலைப் போய்ப் பார்த்து, புதிதாக ஏதும் இருந்தால் எடுத்து வரும். நடத்துபவருக்கும் கேட்பவருக்கும் இடையில் தரகர் எவருமில்லை.

தொலைக்காட்சி அறிவிப்பாளராக இருந்த அடம் கரி போன்றோர் இந்த முறையைப் பரப்பினர். 2003 இல் கிறிஸ்டோஃபர் லைடன் என்ற ஊடகவியலாளர் நடத்திய நேர்காணல்கள் இவ்வாறே வெளியாகின. ஆனால் இதற்குப் பெயரில்லை. 2004 பெப்ரவரியில் பிரித்தானியாவின் 'கார்டியன்' பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி, இதை என்னவென்று அழைப்பது என்று கேள்விக்குறியுடன் அடுக்கிய சில பெயர்களில் ஒன்றுதான் பொட்காஸ்டிங். அப்பிள் கம்பனியின் ஐபொட் கருவியின் பெயரும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பாதியும் சேர்ந்து பிறந்த சொல் அது. ஐபொட் உற்பத்தியை அப்பிள் 2022 இல் நிறுத்திவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இனி விபரக்கொத்துக்கு வருவோம். உலகில் யார் யாரோ எங்கெங்கோ ஃபீட் வைத்திருக்கிறார்கள். அந்த முகவரிகளை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்காகத்தான் பொட்காஸ்ட் விபரக்கொத்துகள் தோன்றின. எமது பழைய தொலைபேசி விபரக்கொத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரெயின்போ பேஜஸில் உங்கள் கடையின் பெயரும் இலக்கமும் இருக்கும். அதற்காக உங்கள் சரக்கெல்லாம் அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது என்று பொருளல்ல. சரக்கு உங்கள் கடையில், சாவி உங்கள் மடியில். அப்பிள் விபரக்கொத்தும் அவ்வாறே. பொதுவாக அது ஒலிக் கோப்பைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. முகவரியை மட்டும் குறித்து வைத்திருக்கிறது. நடத்துபவர் வாடகைக்கு எடுத்த சேமிப்பிடத்திலிருந்துதான் கோப்பு உங்கள் தொலைபேசிக்கு வருகிறது.

2005 ஜூன் 28 ஆம் திகதி அப்பிள் தனது ஐடியூன்ஸ் மென்பொருளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொட்காஸ்ட்களைக் கொண்ட விபரக்கொத்தைத் திறந்தது. இரண்டே நாட்களில் பத்து இலட்சம் சந்தாக்கள் பதிவாகின. கேட்பவர்களுக்கு அது நல்ல செய்தி. ஆனால் அதே தெருவில் ஏற்கனவே சிறிய கடை போட்டிருந்தவர்களின் கதி என்ன?

அப்படியொரு கடைதான் 'ஓடீயோ' என்ற கம்பனி. நோவா கிளாஸ், இவன் வில்லியம்ஸ் ஆகியோர் 2005 இல் தொடங்கியது. பொட்காஸ்ட்களைத் தேடவும் கேட்கவும் தயாரிக்கவும் ஒரே இடம் என்பது அவர்களின் திட்டம். கதவைத் திறந்து மூச்சு விடுவதற்குள் பக்கத்தில் அப்பிள் பெரிய கடையைத் திறந்தது. எமது நகரங்களில் சில்லறைக் கடைக்கு எதிரே சுப்பர் மார்க்கட் வந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. ஆனால் அவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவில்லை. வேறு என்ன செய்யலாம் என்று ஊழியர்களிடமே யோசனை கேட்டார்கள். அதிலிருந்து 2006 இல் பிறந்ததுதான் ட்விட்டர். இன்று எக்ஸ் என்ற பெயரில் இருப்பது. ஓடீயோவில் பணம் போட்டவர்களிடமிருந்து அதே ஆண்டில் வில்லியம்ஸ் கம்பனியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஓடிப்போகும் வியாபாரத்திலிருந்து ஓடுகின்ற வியாபாரத்துக்கு எப்போது மாறுவது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் கேள்விப்பட்டதில்லை. அது தனியாக எழுத வேண்டிய விடயம்.

சிறியவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் கடையை மூடியிருக்கிறார்கள். 2008 இல் தொடங்கிய 'ஸ்டிச்சர்' என்ற செயலியை சிரியஸ் எக்ஸ்.எம். நிறுவனம் 2020 இல் வாங்கி, 2023 ஓகஸ்ட் 29 இல் மூடியது. 2018 இல் கூகுள் திறந்த 'கூகுள் பொட்காஸ்ட்ஸ்' அமெரிக்காவில் 2024 ஏப்ரலிலும் ஏனைய நாடுகளில் அதற்கடுத்த மாதங்களிலும் மூடப்பட்டது. உலகின் மிகப் பெரிய கம்பனிகளில் ஒன்று நடத்திய கடை ஆறு வருடங்கள்தான் நின்றது.

ஆனால் கவனியுங்கள். கூகுள் கடையை மூடியபோது அதில் கேட்கப்பட்டு வந்த நிகழ்ச்சிகள் மூடப்படவில்லை. கேட்பவர்கள் தமது சந்தாப் பட்டியலை ஒரு கோப்பாக எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போய் மறுநாளே கேட்கக் கூடியதாக இருந்தது. நடத்துபவர்களின் ஃபீட் அவரவர் கையில் இருந்ததனால் அவர்கள் எதையும் இழக்கவில்லை. விபரக்கொத்து கிழிந்தது, கடை அப்படியே நின்றது. ஒரு முகநூல் பக்கத்தையோ வேறு தளத்துக் கணக்கையோ முடக்கிவிட்டால் இப்படி நடக்குமா? பின்தொடர்ந்த பத்தாயிரம் பேரும் அந்தக் கம்பனியோடு போய்விடுவார்கள். பொட்காஸ்டில் நான் மதிப்பது இந்த ஒரு குணத்தைத்தான்.

இந்தக் குணத்தை விலைக்கு வாங்கப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்பொடிஃபை நிறுவனம் 2019 இல் இருந்து பொட்காஸ்ட் கம்பனிகளை வரிசையாக வாங்கியது. 2020 இல் அமெரிக்காவின் ஜோ ரோகன் நிகழ்ச்சியைப் பெருந்தொகை கொடுத்துத் தனது தளத்துக்கு மட்டும் உரியதாக்கியது. ஏகபோக விநியோக உரிமை எடுத்துப் பழகிய எமக்கு இந்தக் கணக்கு விளங்காததல்ல. ஆனால் 2024 பெப்ரவரியில் புதிய ஒப்பந்தம் வந்தபோது அதே நிகழ்ச்சி ஏனைய தளங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. பூட்டி வைத்து விற்பதைவிட எல்லா இடத்திலும் விற்பது இலாபம் என்று அவர்களும் முடிவுக்கு வந்தார்கள் போலும்.

யூடியூப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. தனது தளத்தில் மாதாந்தம் நூறு கோடிப் பேர் பொட்காஸ்ட் பார்ப்பதாக 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் அறிவித்தது. சனம் கூடும் சந்தையில் ஒரு மேசை போடுவதில் தவறில்லை. மேசையைக் கடையென்று நினைத்துவிடக் கூடாது என்பதே எனது வாதம்.

கேட்கத் தொடங்குபவருக்கு என்ன தேவை? ஐபோன் என்றால் அப்பிளின் செயலி ஏற்கனவே உள்ளே இருக்கிறது. அன்ட்ரொயிட் தொலைபேசியாயின் ஸ்பொடிஃபை, பொக்கட் காஸ்ட்ஸ், அன்டெனாபொட் போன்ற ஏதாவதொன்றை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். தேடும் இடத்தில் சொல்லைத் தட்டினால் பட்டியல் வரும். டேட்டாச் செலவைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. பேச்சுக்குப் போதுமான 64 கிலோபிட் தரத்தில் அரைமணி நேர அங்கம் ஏறக்குறைய 14 மெகாபைட். 128 கிலோபிட் ஆனால் அதன் இரு மடங்கு. வீடியோவோடு ஒப்பிட்டால் இது சில்லறை. வீட்டிலோ கடையிலோ வைஃபை இருந்தால் அங்கேயே இறக்கி வைத்துக்கொண்டு, வழியில் டேட்டா இல்லாமலே கேட்கலாம்.

பட்டியலில் எதைத் தெரிவு செய்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 'பொட்காஸ்ட் இன்டெக்ஸ்' என்பது அடம் கரியும் டேவ் ஜோன்ஸும் 2020 இல் தொடங்கிய திறந்த விபரக்கொத்து. அதில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஃபீட்கள் உள்ளன. ஆனால் பெரும்பகுதி நான்கைந்து அங்கங்களோடு நின்றுபோனவை. பெயர்ப்பலகை தொங்கும், கதவு பூட்டியிருக்கும் கடைகள். ஆகவே பெயரையும் படத்தையும் பார்த்து மயங்காமல் முதலில் கடைசி அங்கத்தின் திகதியைப் பாருங்கள். அடுத்து, முதலிடம் பத்தாமிடம் என்று காட்டும் தரவரிசையை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். புதிதாக எத்தனை பேர் சேர்கிறார்கள், எவ்வளவு கேட்கிறார்கள் போன்றவற்றை வைத்துக் கணிக்கப்படுவது அது. அதிகம் பேர் கேட்பது உங்கள் வியாபாரத்துக்குப் பயன்படும் என்று எந்த நியதியும் கிடையாது. புறக்கோட்டையில் அதிகம் விற்கும் சரக்கு உங்கள் ஊரில் ஓடாமல் கிடந்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும்.

ஆங்கிலம் ஓரளவு விளங்குபவர்களுக்கு இரண்டொன்றைச் சொல்கிறேன். பி.பி.சி. உலக சேவையில் டிம் ஹார்ஃபோர்ட் 2016 இல் தொடங்கிய, நவீன பொருளாதாரத்தை உருவாக்கிய ஐம்பது பொருட்கள் பற்றிய தொடரில் ஒவ்வோர் அங்கமும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கப்பல் கொள்கலன் எப்படி வந்தது, பார்கோட் யாருக்கு இலாபம் தந்தது, குளிரூட்டிய சங்கிலி விநியோகம் எப்படி உலகச் சந்தையை மாற்றியது என்று அதில் கேட்டால், நாம் நாளாந்தம் தொடும் பொருட்களையே வேறு கண்ணால் பார்ப்போம். அமெரிக்கப் பொது வானொலியின் 'பிளானட் மணி' 2008 இலிருந்து வருகிறது. அவர்கள் 2013 இல் ஒரு வேலை செய்தார்கள். தாங்களே ஒரு டீ-சேர்ட்டை விற்பதென்று முடிவெடுத்து, அமெரிக்காவில் பருத்தி விளையும் வயலிலிருந்து பங்களாதேஷ், கொலம்பியா நாடுகளின் தையல் தொழிற்சாலைகள் வரை அதன் பயணத்தைத் தொடர்ந்து சென்று பதிவு செய்தார்கள். ஒரு சேர்ட்டின் விலையில் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை அந்தப் பயணம் காட்டியது. இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி எடுக்கும் எமது புடவை வியாபாரிகள், அந்தத் துணி தங்கள் கைக்கு வருமுன் எத்தனை கைகள் மாறியது என்பதை அதில் கேட்கலாம்.

தமிழில்? பேச்சுகளும் கதைகளும் சினிமாவும் நிறைய உண்டு. ஆனால் வியாபாரம் பற்றி, அதுவும் எமது நாட்டு நிலைமைக்கேற்பப் பேசுபவை அருமை. இதை நான் குறையாக மட்டும் பார்க்கவில்லை. பேருவளை சீனன்கோட்டையில் ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் அது சூடாக்கப்பட்டதா இல்லையா என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது வருடமாகக் கடன் கொடுத்து வாங்கி, யாருக்குக் கொடுக்கலாம் யாருக்குக் கொடுக்கக் கூடாது என்று முகம் பார்த்துக் கணிக்கும் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். இவர்களுடைய அனுபவம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஜனாஸா வீட்டில் "பெரிய அனுபவசாலி" என்று பேசிவிட்டுக் கலைந்துவிடுகிறோம். இவர்களை உட்காரவைத்து, ஒரு தொலைபேசியை மேசையில் வைத்து, அரைமணி நேரம் பேசவைக்க எந்தப் பெரிய முதலீடும் தேவையில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவை மூடிவிட்டால் சத்தம் தெளிவாக விழும். வர்த்தகச் சங்கங்கள் வருடாந்த விருந்துபசாரத்துக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஒதுக்கினாலே போதும். இதை நான் முன்னரும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன், தலையசைத்ததோடு சரி.

தனிக் கடைக்கு பொட்காஸ்ட் தேவையா என்று கேட்டால், எல்லோருக்கும் தேவையில்லை என்பேன். மளிகைக் கடைக்காரர் அரிசி விலையைச் சொல்ல பொட்காஸ்ட் நடத்துவது வீண். ஆனால் வாங்குமுன் வாடிக்கையாளர் நிறையக் கேள்வி கேட்கும் தொழில்களுக்கு, அதாவது மாணிக்கக்கல், நகை, கட்டடப் பொருட்கள், சூரிய மின்கலம், மோட்டார் உதிரிப்பாகம், பயண முகவர் சேவை போன்றவற்றுக்கு, இது பயன்படக்கூடும். கடையில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லும் பதிலை ஒரு தடவை நிதானமாகப் பதிவு செய்து வைத்தால் அது ஊர் ஊராகப் போய்ப் பேசும். ஆனால் விளம்பரமாகப் பேசினால் இரண்டாவது அங்கத்தை எவரும் கேட்க மாட்டார்கள். ஆறு மாதம் விடாமல் நடத்த மனமில்லாதவர் தொடங்காமலே இருப்பது மேல்.

தொடங்குவதாயின் செலவு எங்கே வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிக் கோப்புகளை வைத்து ஃபீட்டை உருவாக்கித் தரும் சேமிப்பிடத்துக்கு மாத வாடகை இருக்கலாம், இலவசமானவையும் உண்டு. விபரக்கொத்தில் பதிவதற்கோ செலவே இல்லை. அப்பிளிலும் ஸ்பொடிஃபையிலும் பொட்காஸ்ட் இன்டெக்ஸிலும் பதிவு இலவசம். ஃபீட் முகவரியைக் கொடுத்தால் முடிந்தது. ஏனைய பல செயலிகள் இந்தப் பட்டியல்களிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே "ஐம்பது விபரக்கொத்துகளில் பதிந்து தருகிறோம்" என்று விலை சொல்பவர், நீங்கள் ஒரு பின்னேரத்தில் செய்யக்கூடிய வேலைக்குத்தான் கூலி கேட்கிறார். பதிவு செய்வதற்கும், திருத்தி ஒழுங்குபடுத்துவதற்கும் உழைப்புக்கேற்ற கூலி கொடுப்பது நியாயம். பெயர் பதிவதற்குத் தனிக் கட்டணம் கொடுக்க அவசியமில்லை.

பணத்தைவிட முக்கியமானது, கணக்கு எவர் பெயரில் திறக்கப்படுகிறது என்பது. எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி தனது கடைக்கான முகநூல் பக்கத்தை, விடயம் தெரிந்த ஒரு தம்பியிடம் ஒப்படைத்திருந்தார். தம்பி தனது சொந்த மின்னஞ்சலில் அதைத் திறந்து நல்ல முறையில்தான் நடத்தினார். பிறகு வெளிநாடு போனார், தொலைபேசி மாறியது, கடவுச்சொல் மறந்தது. நான்கு வருடம் சேர்த்த வாடிக்கையாளர் கூட்டத்தை முதலாளி வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தம்பி கெட்டவரில்லை. கடை வாடகை ஒப்பந்தத்தை வேலைக்காரர் பெயரில் எழுதினால் என்ன நடக்குமோ அதுதான் அங்கும் நடந்தது.

பொட்காஸ்டிலும் இதே ஆபத்து உண்டு. ஃபீட்டில் உரிமையாளரின் மின்னஞ்சல் என்று ஓர் இடம் இருக்கிறது. ஸ்பொடிஃபை போன்ற தளங்கள் உரிமையாளர் யார் என்று உறுதிப்படுத்த அந்த மின்னஞ்சலுக்கே இரகசிய இலக்கத்தை அனுப்புகின்றன. ஆகவே அது உங்களுடையதாக இருக்க வேண்டும், தயாரித்துத் தருபவருடையதாக அல்ல. சேமிப்பிடத்தின் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அத்தோடு, நாளைக்கு நாம் வேறு இடத்துக்கு மாறினால் பழைய ஃபீட் முகவரிக்கு வருபவர்களைப் புதிய முகவரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கடை மாறும்போது பழைய கதவில் "எதிர்ப்புறத்துக்கு மாறிவிட்டோம்" என்று ஒட்டுவது போன்றது அது. அந்த வசதி இருந்தால் கேட்பவர்கள் தாம் மாற்றப்பட்டதையே அறியாமல் உங்களோடு வந்துவிடுவார்கள். அப்படி ஒரு வசதி இல்லை என்று சொன்னால், அல்லது கேள்வியே விளங்காதவர் போல முழித்தால், பேரத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். ஒலிப்பதிவுகளின் பிரதி ஒன்றை ஒரு சிறிய ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கடை அலுமாரியில் வைத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம். காசோலைப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அதற்கும் இடமிருக்கும்.